கைக்கூலிப் பட்டம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இணையத்தில் எங்கள் ஆம்பூர்க்காரர்கள் தொடங்கிய குழுவில் எல்லாரும் புனைபெயரில் ஒளிந்திருக்க, சொந்தப் பெயரையும் ஷூ கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவையும் போட்டுச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் போட்டோவில் கண் வேறு மூடியிருக்கும்.

சேர்த்துவிட்டவன் என் தோஸ்த், பள்ளிக்கூட வாத்தியார். பத்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள் நாங்கள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காருவோம்.

குழுவில் எந்நேரமும் பாலாற்றுச் சண்டை. ஆற்றைக் கெடுக்கிற தோல் பதனிடும் டேனரிகளை மூடணும் என்று ஒரு கட்சி, மூடினால் ஊரே பட்டினி என்று இன்னொரு கட்சி. நான் பெரிய நீதிபதி மாதிரி எழுதினேன்: "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி டீ கலர்ல வருது. என் சம்பளமும் அந்தத் தோல்லதான் வருது. ரெண்டையும் பேசுவோமே."

சாயங்காலத்துக்குள் ஒரு கட்சி 'தொழில் துரோகி' என்றது. மற்றது 'முதலாளி கைக்கூலி' என்றது. விழுந்து விழுந்து சிரித்தேன். என் முதலாளிக்கு என் முகமே தெரியாது.

கைக்கூலி மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. பெயரைப் பார்த்தே பதில் வந்தது. "எங்க தெருவுக்குத் தண்ணி லாரி என்னிக்கு வரும்?" என்று கேட்டேன். "கைக்கூலிக்கு இன்னாத்துக்குத் தண்ணி?" என்றான் ஒருத்தன். கீழே வரிசையாகச் சிரிப்பு.

"வுடுப்பா, இவனுங்களோட ஒரே பேஜாரு" என்று தோஸ்த் தோளில் தட்டுவான். ஊர் என்ன சொன்னால் என்ன, என்னைத் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போவேன்.

ஒருநாள் ஒரு புனைபெயர் எழுதியது: "இந்தக் கைக்கூலி ஒரு ஜோடி ரிஜெக்ட் ஷூவுக்கு விலைபோனவன். இல்லைன்னு சொல்லட்டும் பார்ப்போம்."

ஷூ விஷயம் நிஜம். தையல் கோணலென்று எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட ஷூ அது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கினேன். வெளியே தெரிந்தால் அவருக்குச் சிக்கல் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவரைத் தவிர விஷயம் தெரிந்தவன் ஒருத்தன்தான். ஏனென்றால் அந்த ஷூவை அவனுக்காகத்தான் வாங்கினேன். என் காலுக்கு அது இரண்டு சைஸ் பெரிசு.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும்போது கேட்டுக்கு வெளியே நின்றேன். எதையும் கிண்டலாக ஆரம்பித்துத்தானே எனக்குப் பழக்கம்.

"இன்னா வாத்தியாரே, கைக்கூலிகூட எல்லாம் பேசுவியா?"

சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"நீதானா எழுதினது?"

பூட்டு திறந்துவிட்டது. ஆனாலும் அதையே நோண்டிக்கொண்டிருந்தான்.

"ஊருக்குத் தெரியாது, சரி. உனக்குமாடா என்னைத் தெரியாது?"

"உன்கூடச் சுத்தறவன்னு ஊர்ல என்னையும் கைக்கூலின்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க."