மச்சாள் கொண்டுவந்த கார்ட்

என் வயதுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கோயிலடியில் பூக் கட்டிக்கொண்டிருக்க, நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன். கணினியில்தான். விமானத்தில் இருந்து ஒரு தீவில் குதித்து, கிடைக்கிற துவக்கை எடுத்துக்கொண்டு, எதிரே வருகிறவனைச் சுட வேண்டும். புங்குடுதீவில் பிறந்து, இங்கேயே கந்தோர் வேலையும் கிடைத்து, மடத்துவெளியை விட்டு அசையாத எனக்கு இன்னொரு தீவில் போய்க் குதிக்க வேண்டும் என்று எந்த ஆசையும் இருக்கவில்லை. என் தம்பி அங்கேதான் அகப்படுவான் என்பதால் குதித்தேன்.

தம்பி இருப்பது பிரான்சில். அகதி வழக்குப் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். போன புதிதில் தினமும் போன் எடுப்பான். பிறகு அது குறைந்தது. பிறகு நாங்கள் எடுத்தாலும் பதில் இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? இங்கே மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு, "கேஸ் என்ன மாதிரி?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். முகம் பார்த்துப் பேசுவதை அதற்கும் முன்பே நிறுத்திவிட்டான். அம்மா அவன் முகத்தைக் கண்டு கனகாலம்.

ஆனால் விளையாட்டுக்குள் பேசினான். "அக்கா, உங்கடை வலப்பக்கம் ஒருத்தன் நிக்கிறான், படுங்கோ" என்று தொடங்குவான். பிறகு தான் வைத்த கறி, அங்கத்தைய குளிர், வேலை செய்யும் இடத்து முதலாளியின் குணம் எல்லாம் தானாக வரும். கைக்கு ஏதாவது வேலை இருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். கேஸைப் பற்றி நான் கேட்கமாட்டேன், அவனும் சொல்லமாட்டான். கணினியும் அவன் துண்டு துண்டாகச் சாமான் வாங்கிப் பூட்டியதுதான். வெளிநாடு போக முன்னர் எனக்குப் பழக்கிவிட்டுப் போனான். வெடிச் சத்தம் வீட்டில் கேட்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம், ஆகவே ஹெட்போன் மாட்டி, சத்தம் முழுவதும் என் காதுக்குள் மட்டும்தான். முடிந்ததும் அம்மா வந்து, "கதைச்சவனே?" என்பார். "ஓம்" என்றால் அந்தக் கிழமையை எப்படியோ தள்ளிவிடுவார்.

ஒரு ஞாயிறு விளையாட்டைத் திறந்தபோது அது திறக்கவில்லை. புதிய பதிப்பு வந்துவிட்டது, உங்கள் கிராபிக்ஸ் கார்ட் பழையது, இனி இதில் ஓடாது என்று திரையில் எழுதியிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வசனம். எனக்கு முதலில் வந்தது கோபம். அதன் பின்னால் பயம் வந்தது. அங்கே அவன் வந்து நிற்பான், நான் ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது, போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது விழவே இல்லை. அவனோடு அறையில் இருப்பவர்களின் இலக்கம் எதுவும் என்னிடம் இல்லை. அம்மாவிடம், கணினியைத் திருத்தியதும் கதைக்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

புதுக் கார்ட் ஒன்று வாங்கிப் பூட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அது கல்யாணப் பொருத்தம் பார்ப்பதை விட மோசமாக இருந்தது. ஒரு கார்ட் விளையாட்டுக்குச் சரி என்றால், அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்க எங்கள் பவர் சப்ளைக்கு வலு இல்லை. இன்னொன்றுக்கு மின்சாரம் காணும், ஆனால் நீளம் கூட, கணினிக்குள் அடங்காது. மூன்றாவது எல்லாவற்றுக்கும் சரிவந்தது, எங்கள் பழைய மதர்போர்ட் அதை ஏற்றுக்கொள்ளுமா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கந்தோரில் கோப்புக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு அதைத்தான் வாசித்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் முன்பின் தெரியாத ஆட்களுக்குச் சொன்ன ஆலோசனைகளை எல்லாம் மனப்பாடம் செய்தேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. சின்னக் கார்ட், ஒரே ஒரு விசிறி, மின்சாரத்துக்குத் தனி வயர் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் தேடினேன், ஒரு கடையிலும் இல்லை. கொழும்பில் இருந்து எடுப்பிக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல ஏலாது என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருக்கும் என் மச்சாள், மாமாவின் மூத்த மகள், கோயில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. கார்டின் படத்தை அனுப்பி, இதேதான் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று எழுதினேன். மச்சாள் பெருவிரலை உயர்த்திய படம் ஒன்று அனுப்பினார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

வந்தார். சூட்கேசில் சொக்லேட், சம்போ எல்லாவற்றுக்கும் அடியில், துவாயால் சுற்றி, செங்கல் போன்ற ஒரு சாமான் இருந்தது. மூன்று விசிறி. என் முழங்கைக்கு நீளம்.

"மச்சாள், இது நான் கேட்டதில்லையே."

"நீர் கேட்டது என்னத்துக்கும் உதவாததாம், கடைக்காரன் சொன்னவன். அதோடை, கனடாவிலை இருந்து வாறனான், அந்தச் சின்னதைக் கொண்டந்து தந்தால் சனம் என்ன நினைக்கும்?"

பெட்டி எங்கே என்று கேட்டேன். இடம் பிடிக்கிறது என்று அங்கேயே எறிந்துவிட்டாராம். அன்பாகத்தான் கொண்டுவந்திருந்தார், அதை மறுக்க ஏலாது. அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, அறைக்குள் போய்த் தலையணையைக் குத்தினேன்.

இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தொடங்கினேன். மூடியின் ஆணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, எண்ணெய் விட்ட பிறகுதான் அசைந்தன. உள்ளே கார்ட் முக்கால்வாசிதான் போனது. மிச்சத்தை டிஸ்க் இருக்கும் தகரக் கூடு தடுத்தது. அப்பாவின் இரும்பு அறுக்கும் வாளை எடுத்து அந்தக் கூட்டை அறுத்தேன். தம்பி பார்த்துப் பார்த்துப் பூட்டிய கணினியின் நெஞ்சுக்குள் வாளை விட்டு அறுத்துக்கொண்டு, அழுதுகொண்டும் இருந்தேன். மின்சாரத்துக்கு ஒரு மாற்று வயரை வாங்கிக் கொழுவினேன். இப்படிச் செய்யவே செய்யாதீர்கள் என்று நான் வாசித்த எல்லாரும் எழுதியிருந்தார்கள். செய்தேன்.

மின் ஆளியைப் போட்டதும் மூன்று விசிறியும் சுழன்றன. சுழன்றதை என் கண்ணால் கண்டேன். பிறகு "டப்" என்று ஒரு சத்தம், எரிந்த மணம், இருட்டு. அம்மா குசினியில் இருந்து, "என்ன வெடிச்சது?" என்று ஓடிவந்தார். முன்பு விளையாட்டு மட்டும்தான் திறக்கவில்லை. இப்போது கணினியே செத்துப்போனது. அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இனி அவனோடை கதைக்க ஏலாதோ?" என்று கேட்டார். நிலத்தில் குந்தியிருந்து, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, கணினியை உரப்பையில் கட்டி, கார்டைத் துவாயோடு மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். கடைக்காரத் தம்பி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். போனது பவர் சப்ளை மட்டும்தான் என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

"ஆனால் அக்கா, இந்தக் கார்டுக்கு இந்த மெசின் காணாது. போர்ட், புரசசர், கேசிங் எல்லாம் மாத்த வேணும். மாத்தினால் படம் சும்மா அந்த மாதிரி இருக்கும்."

"எனக்குப் படம் வடிவா இருக்கத் தேவையில்லைத் தம்பி. அது திறந்தால் காணும்."

ஆரோ கழற்றிக் கொடுத்த பழைய சின்னக் கார்ட் ஒன்று அவரிடம் கிடந்தது. நான் கிழமைக்கணக்காகத் தேடியதன் தம்பி முறை, விளையாட்டுக்குக் காணும். அதையும் ஒரு பவர் சப்ளையையும் பூட்டித் தந்துவிட்டு, பெரியதை வைத்துக்கொள்ளும் என்றேன். பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை, களவெடுத்ததோ என்று ஆட்கள் கேட்பார்கள் என்று இழுத்தார்.

"என்னைப் பாக்கக் கள்ளி மாதிரியோ இருக்கு?" என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதில்லை அக்கா. உங்களுக்குத்தான் பெரிய நட்டம்."

"பரவாயில்லை, பூட்டும்."

செய்தி எனக்கு முன்னே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. "நான் சுமந்து கொண்டந்ததை வித்துப்போட்டீர், என்ன?" என்றார் மச்சாள். விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. திருவிழா முடிந்து போகும்போது எங்கள் வீட்டுப் படலையடியில் அவர் ஏறின வான் நிற்காமலே போனது. அது நெஞ்சில் குத்தத்தான் செய்தது.

ஞாயிறு வந்தது. விளையாட்டு திறந்தது. நண்பர் பட்டியலில் இருப்பதே ஒரே ஒரு பெயர்தான், அது பச்சையாக எரிந்தது. அழைப்புக் கொடுத்தேன்.

"ஆர்?"

"நான்தானடா."

மெல்லச் சொன்னான். "நீங்களும் விட்டிட்டியள் எண்டு நினைச்சன்."

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மச்சாள், துவாய், இரும்பு வாள் எல்லாம். "வெட்டினியளோ?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு கணினியையும் வெட்டியிருப்பேன். சிரித்து முடித்து, சொன்னான்.

"கேஸ் றிஜெக்ட் ஆகிட்டுது அக்கா."

"எப்ப?"

"நீங்கள் முதல் வராமல் விட்ட ஞாயிறு, அதைச் சொல்லத்தான் வந்தனான். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து பாத்தனான்."

நான் நீளமும் வலுவும் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கிழமையும் அவன் இதை வைத்துக்கொண்டு தனியே நின்றிருக்கிறான். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். தெரியாது என்றான். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

அம்மா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கு அவன் குரல் கேட்காது, படம் மட்டும்தான் தெரியும். "இதிலை எது அவன்?" என்றார். பச்சைச் சட்டையோடு மரத்தடியில் நின்ற உருவத்தைக் காட்டினேன். அம்மா குனிந்து, திரைக்குக் கிட்டப் போய், அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெலிஞ்சு போனான்," என்றார். "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

"தம்பி, அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடட்டாம்."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் என் காதுக்குள் கேட்டது. "ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"ஓமாம் அம்மா," என்றேன்.