சாய்ந்த முகத்துக்கு நேரே

அந்தப் பம்பின் உடலில் முப்பது டிகிரி சாய்ந்த வட்ட முகம் ஒன்று உண்டு. அதில் நான்கு துளைகள். அதன்மேல் ஒரு மூடி உட்கார வேண்டும், மூடியிலிருந்து ஒரு குழாய் வெளியே போக வேண்டும். என் வரைபடத்தை வைத்துத் துளையிட்ட முதல் எட்டு இரும்பு வார்ப்புகளிலும் மூடி ஒழுங்காகப் பொருந்தியது. குழாய்தான் கோணலாகத் திரும்பி மோட்டாரில் இடித்தது.

எங்கள் தொழிற்சாலை சரவணம்பட்டியைத் தாண்டி சத்தி ரோட்டில் இருக்கிறது. வரைபடப் பிரிவில் அது எனக்கு இரண்டாவது வருடம். மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், இந்த ஆக்ஸிலியரி வியூவெல்லாம் நமக்கு வேண்டாமுங்க. எப்பவும் போல மூணு வியூ போட்டுக் குடுங்க. மெஷின்கிட்ட ஒரு சாம்பிள் பீஸ் வெச்சுப்போட்டா பார்த்து அடிச்சுக்குவாங்க."

"எதனால தப்பாச்சுன்னு பார்த்துட்டுச் சொல்றேனுங்க சார்."

"அடுத்த லாட் திங்கக்கிழமை வருதுங்க."

"அதுக்குள்ள சொல்லிடறேன்."

தோசைக்கல்லைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும். சாய்ந்த முகமும் அப்படித்தான். முன்தோற்றத்தில் அது வெறும் கோடு. மேல்தோற்றத்திலும் பக்கத்தோற்றத்திலும் அது முட்டை. முட்டையின் மேல் துளைகளின் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் அந்த முகத்துக்கு நேரே நின்று பார்ப்பதைப்போல் நான்காவதாக ஒரு துணைத் தோற்றம் வரைகிறோம். மேலாளர் வேண்டாம் என்ற ஆக்ஸிலியரி வியூ இதுதான். அது இல்லாவிட்டால் துளை எங்கே என்பது சாம்பிள் பீஸுக்கும் அதைப் பார்ப்பவர் கண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். தாளுக்குத் தெரியாது. அதை எடுத்துவிட நான் தயாராக இல்லை.

நோட்டில் மூன்று சந்தேகங்களை எழுதினேன். கோண அளவு தவறா? மெஷினுக்குப் பழைய பிரிண்ட் போய்விட்டதா? வார்ப்பு சரியாகப் பொருத்தப்படவில்லையா? ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்தேன். மூன்றுமே இல்லை. நான்காவதாக "எப்படிப் படித்தார்?" என்று எழுதிக்கொண்டு கீழே இறங்கினேன்.

துளையிடும் இயந்திரத்தில் இருந்தவர் சத்தியமங்கலத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

"அண்ணா, அன்னிக்கு எப்படி மார்க் பண்ணுனீங்களோ, அப்படியே ஒருக்கா செஞ்சு காட்டுறீங்களா?"

"கேஸு போடப் போறீங்களாக்கும்?"

"போட்டா என் மேலதானுங்க போடணும். காட்டுங்க."

சிரித்துக்கொண்டே ஒரு வார்ப்பைத் தூக்கிச் சாய்வுத் தாங்கியில் வைத்தார். சாய்ந்த முகம் இப்போது மட்டமாக நின்றது. பிறகு என் தாளை எடுத்து, காந்தத்தால் இயந்திரத் தூணில் ஒட்டினார். நேராக ஒட்டவில்லை. தாளில் சாய்வாக இருந்த கோடு மட்டமாக வரும்வரை தாளைத் திருப்பி ஒட்டினார்.

"ஏன் சாச்சு ஒட்டுறீங்க?"

"ஜாப் எப்படி உக்காந்திருக்குதோ பேப்பரும் அப்படித்தான உக்காரணும். நாளெல்லாம் கழுத்தைச் சாச்சுப் பார்த்தா கழுத்து என்னத்துக்காகும் அம்மணி?"

அவர் சொன்னது நியாயம். ஆனால் தாளைத் திருப்பியதும் அதில் இருந்த எல்லாமே முப்பது டிகிரி திரும்பிவிட்டன. துணைத் தோற்றத்தை நான் ஏற்கெனவே நிமிர்த்தி, கீழே வலது மூலையில் காலியாக இருந்த இடத்தில் போட்டிருந்தேன். தாளோடு சேர்ந்து அது இப்போது சாய்ந்து தொங்கியது. கண்ணுக்குத் தெரிந்தபடியே அவர் துளையிட்டிருக்கிறார். நான்கு துளைகளும் சேர்ந்தே திரும்பியதால் மூடி பொருந்தியது, குழாய் மட்டும் திசைமாறியது.

"இந்த வளைஞ்ச அம்புக்குறியைப் பார்க்கலீங்களா? தோற்றத்தை முப்பது டிகிரி திருப்பியிருக்குன்னு அர்த்தம்."

"இதுவா? பிரிண்டர் அழுக்குன்னுல்ல நெனைச்சேன்!" நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அட, போகமாட்டேங்குது."

நான் விதியை மீறவில்லை. தோற்றத்தைத் திருப்பி வைக்கலாம், அதைக் குறியால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மேலாளரிடம் அதையே சொல்லி நின்றிருக்கலாம். ஆனால் எதற்காக நிமிர்த்தினேன் என்று என்னையே கேட்டபோது, திரையில் பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. கழிவென்று பெருக்கல் குறி போட்ட எட்டு வார்ப்புகள் சுவரோரம் கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை முழுவதும் அதே தாள்தான். சாய்ந்த முகத்திலிருந்து செங்குத்தாகக் கோடு இழுத்தால் துணைத் தோற்றம் தாளின் வலது மேல் பகுதிக்கு வருகிறது. அங்கே பக்கத்தோற்றமும் அதன் அளவுகளும் நெருக்கியடித்து நின்றன. உடல் முழுவதையும் விட்டுவிட்டு முகத்தை மட்டும் வரைந்தேன். மையக்கோட்டை முகத்திலிருந்து துணைத் தோற்றம் வரை நீட்டினேன். அப்படியும் இடம் போதவில்லை. கடைசியில் பக்கத்தோற்றத்தையே எடுத்துவிட்டேன்.

மேலாளர் தாளைப் பார்த்ததும் கேட்டார்: "மூணு வியூ இல்லாத டிராயிங்ல நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

"முன்தோற்றம், மேல்தோற்றம், துணைத் தோற்றம். மூணுதானுங்க சார்."

"வெளையாடாதீங்க. சைடு வியூ எங்கே?"

"அதுல மட்டுமே இருக்கிற அளவு ஒண்ணு சொல்லுங்க, திரும்பப் போட்டுடறேன்."

பழைய பிரிண்ட்டை எடுத்துப் பேனா நுனியால் ஒவ்வொரு அளவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "இந்தாங்க, அடித்தட்டோட தடிமன்."

அதை நான் விட்டிருந்தேன். அவர் எதிரிலேயே அந்த அளவை முன்தோற்றத்தில் சேர்த்தேன். "வேற இருக்குதுங்களா?"

வேறு இல்லை.

"திங்கக்கிழமை மூணு பேர்கிட்ட குடுத்து, துளை வர்ற இடத்தை வார்ப்பு மேல சாக்பீஸ்ல போடச் சொல்லலாமுங்க. ஒருத்தர் தப்பாப் போட்டாலும் சாம்பிள் பீஸே வெச்சுக்கலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றேன்.

"சொல்லாம இருப்பீங்களாக்கும்," என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, புது வார்ப்புகளின் முன் மூன்று பேரையும் தனித்தனியாக அழைத்தோம். காங்கேயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் லேத்காரர் தாளை நேராகப் பிடித்துக் கழுத்தைச் சாய்த்தார். தரச்சோதனைப் பெண் தாளை வார்ப்பின் மேலேயே விரித்து, மையக்கோட்டை விரலால் தொடர்ந்து போனார். இருவரும் சரியாகப் போட்டார்கள். கடைசியாக சத்தியமங்கலத்துக்காரர்.

"அம்மணி, இப்பவாச்சும் பேப்பரைச் சாய்க்கலாமா, கூடாதா?"

"உங்க இஷ்டமுங்க."

சாய்த்து ஒட்டினார். கோடு மட்டமானது. அதற்கு நேர் மேலே, துணைத் தோற்றம் தானாகவே நிமிர்ந்து நின்றது. நான்கு சாக்பீஸ் புள்ளிகள். மேலாளர் மூடியை எடுத்துப் புள்ளிகளுக்கு நேராக வைத்துப் பார்த்தார். குழாய் மோட்டார் வரும் இடத்தைத் தொடாமல் விலகிப் போனது. மூடியை இறக்கி வைத்தார். என் பேனாவை வாங்கித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மேசைக்குத் திரும்பி வேறொரு பேனாவைத் தேடி எடுத்தேன். அழகுக்காக நான் நிமிர்த்தி வைத்த தோற்றங்கள் இன்னும் ஏழு வரைபடங்களில் இருந்தன. அவற்றின் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு, முதலாவதைத் திறந்தேன்.