டாமுக்குப் புதுத் தோல்

சித்தப்பாவின் டிரம் செட்டில் சின்னது, நடுத்தரமானது, பெரியது என்று டாம் எனப்படும் உருளை மேளங்கள் மூன்று இருந்தன. மூன்றையும் எப்படி அடித்தாலும் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவது போலத்தான் இருக்கும். இது எனக்கு வெகுநாளாகவே தெரியும். கச்சேரிக் குழுவின் தலைவர் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லும்வரை சித்தப்பாவுக்குத் தெரியாது.

சேவூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் சித்தப்பா பதினைந்து வருடமாக வேலை செய்துவந்தார். இருபது தறிகள் ஒன்றாக ஓடும் இடம். காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிவிட்டது. சோறு ஆயிற்று என்பதைச் சித்தி தட்டை அவர் முன்னால் வைத்துத்தான் சொல்வாள். ஆனால் குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது. பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். கீபோர்டு வாசிக்கும் தலைவரின் தலையாட்டலையும் பாடகரின் வாயையும் பார்த்தே வாசித்துவிடுவார்.

தலைவர் பேசியதற்கெல்லாம் சித்தப்பா தலையாட்டி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, அவர் இன்னா சொன்னார் என்று கேட்டார். எனக்குப் பதினொரு வயது. எதை விட்டுச் சொல்ல வேண்டும் என்று தெரியாத வயது. டாம் சத்தம் தகர டப்பா மாதிரி கீது, வேலூரில் ஒரு பையன் மின்சார டிரம் பேடு வைத்து இடி மாதிரி வாசிக்கிறான், தேவிகாபுரம் திருவிழாக் கச்சேரியில் சித்தப்பா வாசிப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பையனையே சேர்த்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்வார் என்று எல்லாவற்றையும் அவர் காதருகே கத்தினேன்.

சித்தப்பா விரல்விட்டு எண்ணினார். "கச்சேரிக்குப் பத்து நாள் கீது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை வேலூருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார். இசைக்கருவிக் கடைக்காரர், சின்னப் பெண்ணை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டார். பாட்டு கற்றுக்கொள்கிறாள் என்று சித்தப்பா சொன்னார். நானும் பாட்டுக்காரி போலவே நின்றேன்.

டிரம்முக்கு மேலே இழுத்துக் கட்டுவது பிளாஸ்டிக்தான் என்றாலும் எல்லோரும் அதைத் தோல் என்றே சொல்வார்கள். கடைக்காரர் ஒற்றை அடுக்கில் ஒன்றும் இரட்டை அடுக்கில் ஒன்றும் எடுத்து, கடையில் இருந்த டாமில் மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். ஒற்றைத் தோல் 'டங்' என்று துள்ளி, நெடுநேரம் அலைந்தது. இரட்டைத் தோல் 'தும்' என்று கீழே இறங்கி நின்றது. ஒவ்வொரு அடிக்கும் சித்தப்பா டாமின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எது பாப்பா வயித்துல வந்து இடிக்குது?"

நான் இரட்டைத் தோலைக் காட்டினேன். கடைக்காரர் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, அடிப்பக்கத்துக்குத் தோல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இந்த செட்டை முன்னால் வைத்திருந்தவர், மைக்கை உள்ளே விடுவதற்காக அடித்தோலையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டிருந்தார். கடைக்காரர் சிரித்தார். "அடியில்லாத கொடத்துல தண்ணி புடிச்சிகினு இருந்தீங்களா?"

மேலே இரட்டை, கீழே ஒற்றை என்று முடிவானது. பழைய சாமான் குவியலைக் கிளறி அடிப்பக்க வளையங்களையும் திருகுகளையும் எடுத்துக் கொடுத்தார். ஆறு தோல்களையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரான ஆரணிவரை வந்தேன்.

மறுநாளிலிருந்து சித்தப்பா வேலை முடிந்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். விளிம்பைத் துணியால் துடைத்துத் தோலை வைத்து, திருகுகளை முதலில் விரலாலேயே முடுக்குவார். பிறகு சாவி போட்டு எதிரும் புதிருமாக அரைத் திருப்பு. நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அழுத்துவார். தோல் படபடவென்று முறிவது போலச் சத்தமிட்டு உட்காரும். அதன்பின் என் வேலை. ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் அவர் குச்சியால் மெல்லத் தட்டுவார். மற்றதைவிட ஏறி ஒலித்தால் நான் விரலைக் கீழே காட்ட வேண்டும், இறங்கி ஒலித்தால் மேலே. எல்லாத் திருகும் ஒரே குரலில் பேச வேண்டும்.

முதல் நாள் மிகவும் இறுக்கியதில் பழைய டின் சத்தமே வந்தது. அடுத்த நாள் தளர்த்தியதில் ஈரச் சாக்கைத் தட்டுவது போல ஆனது. சித்தப்பா எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கினார். அப்படி எத்தனை தடவை கழற்றினோம் என்று நினைவில்லை. அடித்தோலை மேல்தோலைவிட ஒரு பிடி கூடுதலாக இறுக்கியபோது, நடு டாம் என் நெஞ்சுக்குள் வந்து பேசியது. சித்தப்பாவுக்கும் அது உள்ளங்கையில் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்.

கச்சேரிக்கு முந்தின நாள் பெரிய டாம் மட்டும் பாக்கி. அதற்கு எட்டுத் திருகு. ஆறு முடிந்தபோது கீழே டிவியில் பாட்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவதையும் எட்டாவதையும் அவர் தட்டியபோது என் காது மாடியில் இல்லை. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன்" என்று கத்திவிட்டு ஓடினேன்.

தேவிகாபுரத்தில் மேடை ஏறியபோது இன்னும் வெயில் இருந்தது. மைக்கைச் சரிபார்க்கச் சித்தப்பா சின்ன டாமை அடித்தார், பிறகு நடு டாமை. தலைவரின் புருவம் உயர்ந்தது. பெரிய டாமை அடித்தார். 'தும்' என்ற ஒலிக்குப் பின்னால் நோயாளி முனகுவது போல ஒன்று வந்து, ஸ்பீக்கரில் ஊரெல்லாம் கேட்டது. பாடகர் சிரித்துவிட்டார். தலைவர் முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னார். அவர் வாய் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. டாமின் மேல் கையை வைத்து இன்னொரு முறை அடித்தார். பிறகு எழுந்து, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

மேடைக்குக் கீழே நான் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

சித்தப்பா மைக்கைப் பிடித்தார். "எனக்குக் காது கேக்காது. எங்க அண்ணன் பொண்ணு கேட்டுச் சொல்லுவா. பத்து நிமிசம் குடுங்க."

மேலே ஏறிப் போனேன். நேற்று பொய் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் காதில் ரகசியம் சொல்ல முடியாது. கத்தினால் தேவிகாபுரமே கேட்கும். வாயை மூடிக்கொண்டு குனிந்தேன். முதல் திருகிலிருந்து வந்தோம். ஏழாவது ஏறியிருந்தது. விரலைக் கீழே காட்டினேன். சாவியைக் கொஞ்சம் தளர்த்தினார். இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம். தலைவர் ஜல்தி என்று கையை உதறினார். போதும்மா என்றார்.

"இன்னும் ஒண்ணு கீதுங்க" என்றேன். எட்டாவதையும் கேட்டு முடித்துத்தான் நிமிர்ந்தேன்.

அன்று பெரிய டாமின் ஒலி கோயில் மதில்வரை போய் இடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் ஒவ்வொரு அடிக்கும் வயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். தலைவரே ஒரு பாட்டின் நடுவில் திரும்பிச் சிரித்தார். திரும்பும் வழியில் வேனில் அவர் சித்தப்பாவின் தோளில் கைபோட்டு ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அடுத்த திருவிழாவுக்கு வேலூர்ப் பையன் பேடுடன் வந்தான். அதன்பின் சித்தப்பாவைக் கூப்பிடவே இல்லை.

எனக்குத் தலைவர் மேல் வெகுநாள் கோபம் இருந்தது. அவ்வளவு நல்ல சத்தத்தைக் கேட்ட பிறகும் மனசு மாறாதவருக்குக் காதே இல்லை என்று முடிவுகட்டினேன். பள்ளிக்கூடத்தில், சித்தப்பா மைக்கில் என்னைக் கூப்பிட்டதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் மறைத்ததைச் சித்தப்பா ஒரு நிமிடத்தில் ஊரறியச் சொல்லியிருந்தார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, டாம் எப்படிக் கெட்டது என்று சித்தி கத்திக் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டேன்.

"வேன் குலுங்குச்சில்ல, திருகு ஆடிப்போச்சு" என்றார் சித்தப்பா.

தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது: வண்டி குலுங்கினால் திருகு தளரும், ஒருநாளும் இறுகாது. இறுகியிருந்த அந்த ஏழாவது திருகை மேடையில் தளர்த்தியது அவருடைய கைதான்.