இரட்டை இறக்கையும் எட்டு சைபர் நூலும்

கல்யாணமாகி நான் பொழிச்சலூர் வீட்டுக்கு வந்தபோது பீரோவின் மேல் ஐந்து விமானங்கள் நின்றிருந்தன. ஒவ்வொன்றும் விரித்த கையளவுதான். எல்லாவற்றுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். நடுவில் தீக்குச்சியை விட மெல்லிய கால்கள் மேல் இறக்கையைத் தாங்கிக்கொண்டிருந்தன. "மாப்பிள்ளை வீட்டில் விளையாட்டுச் சாமான் நிறைய இருக்கு" என்று என் சித்தி கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனாள். என் கணவர் காதில் அது விழுந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவர் பம்மலில் ஒரு தோல் ஆடைக் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவராக இருந்தார். அட்டையில் ஜாக்கெட்டின் கை, முதுகு, காலர் எல்லாவற்றையும் வரைந்து வெட்டிக் கொடுப்பார். அந்த அட்டையை வைத்துத்தான் தோலை வெட்டுவார்கள். நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் கத்தியோடுதான் உட்காருவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விமானங்களுக்கு அவர் எதையும் கடையில் வாங்கியதாக நினைவில்லை. உடம்புக்குப் பேக்கிங் பெட்டி மரம். இறக்கைக்கு ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி. நடுவில் நிற்கும் கால்களுக்கு ஊதுவத்தி மூங்கிலைச் சீவிக்கொள்வார். சக்கரம் சட்டைப் பொத்தான். துளைகளை அடைத்துக் கறுப்படித்தால் தெரியாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்திருக்கிறது. முதல் உலகப் போர்க்கால விமானங்களை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்து வரைந்த படங்கள் அதில் இருந்தன. அதிலிருந்து அளவெடுத்துச் சுருக்கிக்கொள்வார்.

விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் நிஜ விமானங்கள் எங்கள் வீட்டு மொட்டை மாடியை உரசுகிற மாதிரிதான் தாழ்ந்து இறங்கும். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிரும். வந்த புதிதில் நான் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு ஓடுவேன். அவர் தலையைக்கூடத் தூக்க மாட்டார்.

"பறக்கற பிளேனப் பார்க்க மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல பார்க்க இன்னா கீது? எல்லாத்தையும் உள்ள வச்சி மூடிட்டான். இதப் பாரு, எது எதத் தாங்குதுன்னு வெளியவே தெரியும்."

தெரியும் என்று அவர் சொன்னாலும் முக்கியமான ஒன்று அவற்றில் இல்லை. அந்தக் கால விமானங்கள் மரமும் துணியும்தான். இறக்கைகள் மடிந்துபோகாமல் பிடித்து வைத்திருந்தவை, மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள். சில கம்பிகள் பறக்கும்போது பாரம் தாங்கும், மற்றவை தரையில் நிற்கும்போது. புத்தகத்துப் படங்களில் அவை இருந்தன. பீரோ மேலிருந்த ஐந்திலும் இல்லை.

"கட்டிப் பார்த்தேன்" என்றார். "தையல் நூலு கப்பல் கயிறு மாதிரி தெரிஞ்சிச்சி. பிச்சிப் போட்டுட்டேன். முடி வச்சிக்கூடப் பார்த்தேன். மழை வந்தா தொங்கிடுது."

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவர் இதைச் சொன்ன மறுநாள் புரை எடுக்கும் ஆபரேஷன்கள் வரிசையாக இருந்தன. கண்ணில் போடுகிற தையலுக்கு எட்டு சைபர் என்று ஒரு பட்டு நூல் வரும். சைபர் கூடக்கூட நூல் மெலியும். எட்டு சைபர் நூல் விரலில் இருந்தால் கறுப்பாக ஒரு கோடு தெரியும், உணர்வு தெரியாது. டாக்டர் இரண்டு மூன்று முடிச்சுப் போட்டதும் மிச்சத்தை வெட்டித் தட்டில் போடுவார். வருஷக்கணக்காக நான் அதைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். அன்று கொட்டவில்லை.

தியேட்டர் பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"வீட்டுக்காரர் சின்னச் சின்ன ஏரோப்ளேன் செய்யறாருங்க சிஸ்டர். அதுக்குக் கம்பி கட்டணும்."

"நூலை மட்டும் எடுத்துக்கோ. கொதிக்க வச்சு எடுத்துட்டுப் போ. ஊசி ஒண்ணு இங்கேருந்து வெளியே போச்சுன்னு தெரிஞ்சா நீயும் கூடவே போயிடுவ" என்றார்.

பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்த நூலை என் கணவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளவுகோலின் மேல் வைத்தார். புத்தகத்தைத் திறந்து ஏதோ கணக்குப் போட்டார். "சரியா கீது" என்றார்.

ஐந்து விமானங்களையும் பிரித்துத் துளை போட முடியாது. ஆறாவதாக ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார். இறக்கையில் கம்பி வரும் இடங்களிலெல்லாம் பசை போடுமுன்பே ஊசியால் துளைத்துக்கொண்டார். நூலைக் கோப்பதும் முடிச்சுப் போடுவதும் என் வேலை. அவருடைய விரல்கள் வெட்டுவதற்குப் பழகியவை, முடிச்சில் அவசரப்படும். நான் இடுக்கியில் முடிச்சுப் போட்டே சம்பளம் வாங்குகிறவள்.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவோம். பொழிச்சலூர் வெயிலில் அது லேசான காரியமில்லை. வியர்வை சொட்டினால் பெயின்ட் கெடும் என்று கழுத்தில் துண்டு போட்டுக்கொள்வேன். முதல் தடவை எல்லா நூலையும் நன்றாக இழுத்துக் கட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் மேல் இறக்கை வாழை மட்டை மாதிரி வளைந்திருந்தது. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கமும் அதே அளவு இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் அதிகமாக இழுத்தால் கால்கள் வளையும். தொங்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இது புரிய எங்களுக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அறுத்துக் கட்டினோம். மறுபடி அறுத்தோம்.

கடைசியில் ஒருநாள் அது நின்றது. சாதாரணமாகப் பார்த்தால் கம்பிகள் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் இறக்கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். என் கணவர் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தார். பிறகு பீரோ மேலிருந்த ஐந்தையும் இறக்கி அட்டைப் பெட்டியில் போட்டார். எனக்கு அது கொஞ்சம் கொடுமையாகப் பட்டது.

விபத்து நடந்தது அடுத்ததைச் செய்யும்போது. ஞாயிறு, சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு. ஷேவிங் பிளேடைக் குறட்டில் பிடித்து ஒடித்து, கூரான முனையை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். நூறு தடவை ஒடித்திருப்பார். நான் அடுப்படியில் இருந்தேன். 'டக்' என்று ஒடியும் சத்தம் கேட்டது. பிறகு, "கண்ணுல தூசு விழுந்திடுச்சி" என்றார்.

"கசக்காதீங்க" என்றபடியே வந்தேன். அவர் கசக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கருவிழியின் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. ரத்தம் கிடையாது. ஆனால் உள்ளே வட்டமாக இருக்க வேண்டிய கண்பாப்பா, பேரிக்காய் மாதிரி அந்தக் கோட்டை நோக்கி நீண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பிளேடுத் துணுக்கு உள்ளே போயிருக்கிறது.

"தூசுதானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கண்ணை எதுவும் அழுத்தக் கூடாது. இறக்கைக்கென்று வைத்திருந்த ஐஸ்கிரீம் கப்பின் அடியை வெட்டிக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து, நெற்றியிலும் கன்னத்திலும் பிளாஸ்திரி போட்டேன். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. தாம்பரத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, அண்ணனுக்கு அடிதடியா?"

"இல்லப்பா, பிளேடு."

அவர் உடனே முன்னால் திரும்பிக்கொண்டார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மூடாத கண்ணால் கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல் றெக்கை பசை காயல. காத்துல விழுந்துடப் போவுது. ஜன்னல சாத்தினியா?" என்றார்.

சாத்தவில்லை. சாத்திவிட்டேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தியேட்டரில் ஆளில்லை. பெரிய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் வந்துவிட்டார்கள். உதவிக்கு நிற்க வேண்டிய நர்ஸ் ஊருக்குப் போயிருந்தாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீ நிப்பியாம்மா? முடியாதுன்னா சொல்லிடு, வேற யாரையாவது கூப்பிடலாம். கொஞ்சம் நேரமாகும்."

"நிக்கறேன் சார்."

எப்படி நின்றாய் என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். பச்சைத் துணி போர்த்திவிட்டால் கண் மட்டும்தான் தெரியும். அது யாருடைய கண் என்று அதில் எழுதியிருக்காது. டாக்டர் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு துணுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. எள்ளில் பாதிகூட இருக்காது. அதைக் கிண்ணத்தில் போட்டேன். கருவிழியைத் தைக்கப் பத்து சைபர் நூல் கேட்டார். நாங்கள் விமானத்துக்குக் கட்டியதை விட மெல்லியது. மிச்சத்தை வெட்டித் தட்டில் போட்டார். வேலை முடிந்து கையுறையைக் கழற்றினேன். ஸ்டூலில் உட்கார வைத்து யாரோ டீ கொடுத்தார்கள்.

காயம் ஆறியது. பார்வை வரவில்லை. உள்ளே லென்ஸ் வெளுத்து, பின்னால் நரம்புத் திரையும் கெட்டுவிட்டது. வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் தெரியும், அவ்வளவுதான். இன்னொரு பயமும் இருந்தது. அடிபட்ட கண்ணால் நல்ல கண்ணும் கெட்டுப்போகிற ஒரு நோய் அபூர்வமாக வரும். தினமும் காலையில் காபிக்கு முன் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி வலது கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பல வருஷம் பார்த்தேன். அது வரவில்லை.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. தம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் மேசையில் விழுந்தது. படியில் தடுமாறினார். கம்பெனி வேலைக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை; அட்டை தட்டையானது, கோட்டின் மேல் கத்தி போனால் போதும். விமானம் அப்படியில்லை. இடுக்கியை இறக்கைகளுக்கு நடுவே கொண்டுபோவார், நூலுக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே மூடுவார். இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை ஒரு மூங்கில் கால் முறிந்தது. எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினார்.

"எத்து வச்சிடு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் டப்பாவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு விடுமுறை நாளில் நானே அந்த டப்பாவைத் திறந்தேன். பாதியில் நின்றதை முடிக்க வேண்டும் என்ற தீர்மானமெல்லாம் இல்லை. தியேட்டரில் நூல் மிச்சமாகிக்கொண்டே இருந்தது, நானும் கேட்டு வாங்கிக்கொண்டே வந்திருந்தேன். முறிந்த காலுக்குப் பதிலாக ஒன்றைச் சீவினேன். கோணலாக வந்தது. கட்டி முடித்து, மறுநாள் காலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு, தாடையை ஜன்னல் விளிம்பு மட்டத்துக்கு இறக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"வலது பக்கம் பின்கம்பி இழுத்துக்கீது. மேல் றெக்கை முறுக்கியிருக்கு பாரு."

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு கண்ணால பார்த்தா தெரியாது. ஒண்ண மூடிக்க" என்றார்.

மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தேன். கீழ் இறக்கையின் விளிம்புக்கு மேல் இறக்கையின் விளிம்பு இணையாக இல்லை. ஒரு முனை மயிரிழை தூக்கியிருந்தது. தச்சரும் கொத்தனாரும் கோடு பார்க்க ஒரு கண்ணை மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மூட வேண்டிய தேவையே இல்லை.

"அறுத்துட்டுக் கட்டறேன்" என்றேன்.

"இப்ப வேணாம். கை கழுவிட்டுச் சாப்புடு."

அதன் பிறகு அப்படித்தான் செய்தோம். தட்டையாகச் செய்வதெல்லாம் அவர். வரைவது, வெட்டுவது, பெயின்ட் அடிப்பது. இறக்கைகளுக்கு நடுவே போகிற வேலையெல்லாம் நான். கட்டும்போது அவர் எதிரில் உட்கார்ந்து, "விடு, கொஞ்சம் இழு, போதும், போதும்னேன்ல" என்பார். சண்டை வரும். ஒரு தடவை நான் இடுக்கியை வைத்துவிட்டு எழுந்துபோய் இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பிளேடை மட்டும் பிறகு அவர் ஒடிக்கவில்லை. மருந்துக்கடையில் முழுதாகக் கிடைக்கும் சர்ஜரி பிளேடை நான் வாங்கித் தந்தேன். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் முடிச்சூரில் ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டிக்கொண்டோம். சாமான்கள் டெம்போவில் போயின. கம்பி கட்டிய விமானங்களை டெம்போவில் ஏற்ற முடியாது. ஒரு குலுக்கலில் அறுந்துவிடும். நான் ஒரு நாளைக்கு ஒன்றாக, கேக் பெட்டியில் வைத்து, மூடாமல், மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். தாம்பரத்தில் பஸ் மாற வேண்டும். அங்கே ஏறிய ஒரு பூக்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தும்பியா?"

"ஏரோப்ளேன்."

"எத்தினி றெக்கை! பறக்குமா?"

"பறக்காது. சும்மா வைக்கறதுதான்."

"அப்ப எதுக்கு நூல் கட்டிக்கீறே?"

அதற்குள் பஸ் பள்ளத்தில் இறங்கியது. அந்த அம்மா சட்டென்று பூக்கூடையை விட்டுவிட்டுப் பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். கூடை சரிந்து மல்லிகைச் சரமெல்லாம் காலடியில் கொட்டியது. பெட்டிக்குள் ஒன்றும் அறுந்துபோகவில்லை. நான் இறங்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை; நடத்துநர்தான் முனகிக்கொண்டே பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.