பல்லு டொக்டரைக் காட்டி வளர்த்த பிள்ளை

மகள் சோறு தின்ன மறுத்தாலும், படிக்க அடம்பிடித்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "குழப்படி செஞ்சா பல்லு டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடுவன்." உடனே அடங்கிவிடுவாள். எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

எட்டு வயதில் ஒருநாள் காலை, கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு எழுந்தாள். கடைவாய்ப்பல் வாரக்கணக்காக வலித்திருக்கிறது. அவள் வாய் திறக்கவில்லை.

களுவாஞ்சிக்குடியில் ஒரு பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதிரையில் இருத்தியதும் அவள் கைகூப்பினாள்.

"டொக்டர், நான் ஒரு குழப்படியும் செய்யல்ல. அம்மாட்டக் கேளுங்க."

அந்த டொக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். முகம் பார்க்கும் கண்ணாடியொன்றை மகளின் கையில் கொடுத்தார்.

"இது தண்டனை இல்ல மகள். நொந்தா கையை உயர்த்துங்க, நிப்பாட்டிடுவன்."

மகள் மூன்று தடவை கையை உயர்த்தினாள். மூன்று தடவையும் அவர் நிறுத்தினார். ஆனாலும் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அது விழுந்து முளைக்கும் பாற்பல் அல்ல, இனி முளைக்காத பல்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பல் மருத்துவரிடம் பயமில்லாமல் போகிறாள். ஆனால் காய்ச்சலோ, காலில் முள்ளோ, முதலில் சொல்வது தகப்பனிடம்தான். என்னிடம் சொல்ல இன்னும் தயங்குகிறாள்.