கஞ்சாத் தோட்டத்துக்குப் போலீசைக் கூப்பிட்டவள்

மெர்லீன் ஸ்வேபி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதல்முறையாகக் கஞ்சாச் செடியை ரோட்டோரத்தில், பட்டப்பகலில், போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் படும்படி நட்டாள். அதற்கு முன்பு அவள் நட்டதெல்லாம் குன்றுக்குப் பின்னால், முள்ளுக்காட்டுக்குள், பாறை இடுக்கில் மண் கிடைத்த இடத்தில். ஊருக்குத் தெரிந்து அவள் வெங்காயத்தாளும் தைம் என்ற வாசனை இலையும் போடுகிற விவசாயி. செயின்ட் எலிசபெத் என்ற அந்தத் தீவு மாவட்டத்தின் தெற்கில் எல்லோரும் செய்கிற விவசாயம்தான் அது. ஆனால் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடச் சீருடை கிழியாமல் படிக்கவைத்தது குன்றுக்குப் பின்னால் இருந்த பயிர். புருஷன் இங்கிலாந்துக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவனை நினைத்து அழ அவளுக்கு நேரமில்லை.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் ஓடவேண்டும். ஜீப் சத்தம் கேட்டாலும் ஓடவேண்டும். இரண்டு தடவை பட்டாளத்துக்காரர்கள் வந்து செடிகளை வெட்டிக் குவித்து அவள் கண்ணெதிரே கொளுத்தினார்கள். ஒருமுறை பிடிபட்டு லாக்கப்பிலும் இருந்துவிட்டு வந்தாள். வந்த மறுவாரமே விதை தேடிப் புறப்பட்டாள். ஆனாலும் அந்த ஓட்டம் அவள் உடம்போடு ஊறிப்போயிற்று. ரொட்டி வண்டி வந்து நின்றால்கூட அவள் கால் ஒரு கணம் குன்றுப் பக்கம் திரும்பும்.

பிறகு சட்டம் மாறியது. மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க லைசென்ஸ் கொடுத்தார்கள். மெர்லீன் விண்ணப்பம் போட்டு, அலைந்து, வேலி கட்டி, லைசென்ஸ் வாங்கினாள். கேட்டில் ஒரு பலகை மாட்டி அதில் தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் பச்சைப் பெயிண்டில் தானே எழுதினாள். பக்கத்துத் தோட்டம் அவளுடைய அண்ணன் குளோவிஸுடையது. அவன் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஏண்டி, இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சதை இப்ப கல்யாண வீட்டு போர்டு மாதிரி மாட்டியிருக்கே. சீரியல் பல்பு ஒண்ணுதான் குறை."

"பல்பு நீ வாங்கிக் குடு. நான் மாட்டறேன்."

முதல் வருஷ அறுவடை நன்றாகவே வந்தது. இரண்டாம் வருஷம்தான் வினை வந்தது.

கடற்கரை வரைக்கும் ரோட்டை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. ரோட்டுக்கு அடியில் போடுவதற்கு வெள்ளைச் சுண்ணாம்புச் சரளையை லாரி லாரியாகக் கொண்டுவந்து, மெர்லீனின் வேலியை ஒட்டி மேட்டுப்பக்கத்தில் கொட்டினார்கள். குவியல் வீட்டுக்கூரை உயரத்துக்கு ஏறியது. ஜூன் கடைசியில் நல்ல மழை பெய்தது. மழை விட்டுச் சில வாரங்கள் போனதும் செடிகளில் மஞ்சள் தட்ட ஆரம்பித்தது. இடுப்புயரம் வளர்ந்து கரும்பச்சையாக நிற்கவேண்டிய செடிகள் காமாலை கண்டவை போல் நின்றன.

குளோவிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "பசிடி அதுக்கு. எரு போடு. பெரிய மனுஷி ஆயிட்டேன்னு பயிரைப் பட்டினி போடறியே."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கோழி எருவை அள்ளி அள்ளிப் போட்டாள். செடிகள் தேறவில்லை. இலை நுனிகள் தீய்ந்து சுருண்டன. மஞ்சள் மேலும் பரவியது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள், பொரித்த மீனையும் மரவள்ளி அடையையும் தட்டோடு தள்ளிவைத்துவிட்டாள்.

"பட்டாளத்தான் கொளுத்தினப்பகூட எனக்கு இப்படி இல்லைண்ணே. அவன் எதிரி, வந்தான், கொளுத்தினான், போனான். இது என் கையாலேயே கெடுது."

குளோவிஸ் கிண்டலை நிறுத்திக்கொண்டான். அவள் தட்டை எடுத்துப் போய் மூடிவைத்தான்.

அன்று சாயங்காலம் மெர்லீன் ஒரு செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதல்முறையாக நிதானமாக அதைப் பார்த்தாள். பயத்தில் இத்தனை நாளும் மஞ்சளைத்தான் பார்த்திருந்தாள், செடியைப் பார்க்கவில்லை. அடியிலிருந்த பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. உச்சியில் புதிதாக விரிந்த தளிர்கள்தான் வெளுத்திருந்தன. அந்தத் தளிர்களிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக ஓடின. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பசித்த செடி தன் பழைய இலையைத்தான் முதலில் தின்னும், கீழிருந்துதான் மஞ்சளாகும். முள்ளுக்காட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! எருவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அந்தப் புத்தி எங்கே போயிற்று?

எழுந்து வேலியிலிருந்து தோட்டத்தின் கடைக்கோடி வரை நடந்தாள். ரோட்டுப் பக்கம் மஞ்சள் அதிகம். நடுவில் குறைவு. கடைக்கோடியில் ஒரு செடிகூட வெளுக்கவில்லை. திரும்பி வந்து வேலியோரம் மண்ணைக் கிளறினாள். செம்மண்ணின்மேல் வெள்ளையாக ஒரு ஆடை படிந்திருந்தது.

சமையலறையில் மீன் ஊறவைக்க வைத்திருந்த வினிகர் பாட்டிலை எடுத்துவந்தாள். கடைக்கோடி மண்ணில் ஊற்றினாள், மண் பேசாமல் குடித்துக்கொண்டது. வேலியோர மண்ணில் ஊற்றினாள், புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு. குவியலிலிருந்து மழைத்தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

வேளாண் அலுவலகத்தில் ஷெர்னெட் ஈபாங்க்ஸ் என்ற இளம்பெண் வேலை பார்த்தாள். மெர்லீன் போன் செய்ததும் மறுநாளே மண் பார்க்கும் கருவியோடு வந்துவிட்டாள். நுரைத்த கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"நானும் காலேஜ்ல முதல் வகுப்புல இதைத்தான் செஞ்சேன் ஆன்ட்டி. இருங்க, எவ்வளவுன்னு பார்த்துடலாம்."

வேலியோரம் பி.எச். எட்டைத் தொட்டது. கடைக்கோடியில் ஆறரை.

"ஆறு, ஆறரைதான் இந்தச் செடிக்குச் சுகம். எட்டுக்குப் போனா மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. பானை நிறைய சோறு இருக்கு, மூடியத் திறக்க முடியலைங்கற கதை."

"நான் அது மேல இன்னொரு பானையக் கவுத்திருக்கேன்."

"எரு போட்டதைச் சொல்றீங்களா? பரவாயில்ல, நல்ல தண்ணி விட்டா கழுவிக்கிட்டுப் போயிடும். மண்ணுல கந்தகம் கலக்கணும். அது மெதுவாத்தான் வேலை செய்யும். அதுவரைக்கும் இரும்புச் சத்தை இலை மேலேயே தெளிக்கலாம், பூ வர்றதுக்கு முன்னாடி. ஆனா ஆன்ட்டி, அந்தக் குவியல் அங்கேயே இருந்தா நாம செய்யறதெல்லாம் வீண். அக்டோபர் மழை வந்தா மொத்தமும் உங்க தோட்டத்துலதான் இறங்கும்."

மெர்லீன் நேராக ரோட்டு வேலைக்காரர்களின் மேஸ்திரியிடம் போனாள். ரான்ஸ்ஃபோர்ட் என்று பெயர். லாரியின் நிழலில் உட்கார்ந்து தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அந்தக் குவியலை அந்தப் பக்கம் மாத்துங்க. தண்ணி வடியற கானையும் அது அடைச்சுக்கிட்டு இருக்கு. என் பயிர் கெடுது."

"என்ன பயிர்?" என்று கேட்டுவிட்டு ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "கஞ்சாவா? அதுக்கு ஒரு நியாயம் கேட்டு வந்துட்டியாம்மா? ரொம்பப் பேசினா போலீசைக் கூப்பிடுவேன். முதல்ல உன்னைத்தான் தூக்கிட்டுப் போவாங்க."

ஆட்கள் சிரித்தார்கள். மெர்லீனும் சிரித்தாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"கூப்பிடுங்க."

அவன் மறுபடி தேங்காய்த் தண்ணீரை உறிஞ்சினான்.

"நீங்க கூப்பிடலைன்னா நானே கூப்பிடறேன்." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். வாழ்நாளில் தானாக அந்த எண்ணைக் கூப்பிடுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள். எண்களை அழுத்தினாள். குரல் தெளிவாக வந்தது. "ஸ்டேஷனா? நான் மெர்லீன் ஸ்வேபி பேசறேன். லைசென்ஸ் வாங்கின கஞ்சா விவசாயி. என் தோட்டத்துல ஒரு பிரச்சனை, யாராவது வரணும்."

சற்று நேரத்தில் ஜீப் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. குளோவிஸ் வெங்காயத்தாள் பாத்தியிலிருந்து நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவள் கேட்டின் முன்னால், பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். நின்றபடியே நின்றாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் தால்பெட் என்ற கார்ப்பரல், தலை நரைத்தவர். பலகையைப் படித்தார். அவள் நீட்டிய லைசென்ஸை வாங்கி எண்ணை ஒப்பிட்டார். வேலிக்கு அப்பால் நின்ற செடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்லுங்க மிஸ் ஸ்வேபி. என்ன புகார்?"

இந்தச் சீருடை இத்தனை மரியாதையாக அவளிடம் பேசியதில்லை. அவள் தோள் நிமிர்ந்தது. கானையும் குவியலையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். பிறகு வேலியோர மண்ணிலும் குவியலிலும் வினிகரை ஊற்றிக் காட்டினாள். இரண்டும் ஒன்றுபோலப் பொங்கின.

கார்ப்பரல் மேஸ்திரியைக் கூப்பிட்டார். "பொதுக் கானை அடைக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"சார், அது வெறும் கஞ்சா..."

"லைசென்ஸ் இருக்கு. அப்ப அது பயிர். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள குவியல் அந்தப் பக்கம் போயிடணும், கானும் சுத்தமா இருக்கணும்." ஜீப்பில் ஏறும்போது மெர்லீனிடம் குரலைத் தாழ்த்தினார். "சர்வீஸ் பூரா இந்தச் செடிய வெட்டத்தான் மலை மலையா ஏறியிருக்கேன். காப்பாத்த வந்தது இதான் முதல் தடவை. ஸ்டேஷன்ல சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும் சார். நானும் வீட்டுக்குப் போய்ச் சிரிக்கணும்."

ஜீப் போனதும் குளோவிஸ் வேலியைத் தாண்டி வந்தான். "அடியே, நீ ஓடிடுவேன்னு நினைச்சேன்."

"கால் போலாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் விடலை."

குவியல் போயிற்று. அதன்பின் இருந்தது உழைப்பு. அண்ணனும் தங்கையும் வேலி நெடுகிலும் வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளை ஆடையைச் சுரண்டி எடுத்தார்கள். கந்தகத்தைக் கொத்திக் கலந்து, மேலே கினிப்புல்லால் மூடாக்குப் போட்டார்கள். தொட்டியில் சேர்ந்த மழைத்தண்ணீரை மட்டுமே பாய்ச்சினார்கள். வெயில் தாழ்ந்த பிறகு மெர்லீன் இரும்புச் சத்தை இலைகளில் தெளித்தாள். வேலியை ஒட்டிய வரிசைச் செடிகள் பிழைக்கவில்லை. அவற்றை அவளே பிடுங்கிப்போட்டாள், யாரையும் விடவில்லை. மற்றவற்றில் வெளுத்த இலை வெளுத்ததாகவே உதிர்ந்தது. ஆனால் புதிதாக விரிந்தது ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பச்சையாக விரிந்தது. அக்டோபர் மழை கொட்டியபோது வாய்க்கால் பால்போல வெள்ளைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு கானுக்குள் போனது. தோட்டத்துக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

டிசம்பரில் அறுத்தாள். ஆய்வகப் பரிசோதனையில் அவள் பூ எல்லாவற்றிலும் தேறியது. பூவை வாங்கிய மருந்துக் கம்பெனி, புட்டியின் ஒட்டுச்சீட்டில் வளர்த்தவர் பெயர் போடும் வழக்கம் வைத்திருந்தது. மெர்லீன் ஸ்வேபி, செயின்ட் எலிசபெத். ஒரு புட்டியைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் பட்டமளிப்புப் புகைப்படங்களுக்கு நடுவில் வைத்தாள்.

அடுத்த மாதம் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் இலை மஞ்சளாவதைப் பற்றிப் பேச அவளை அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய், கோழி எரு போட்ட தன் முட்டாள்தனத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பேசி முடித்ததும் மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அவளருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோரம் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாக் கேளுங்க அண்ணே," என்றாள் மெர்லீன். "நீங்களும் லைசென்ஸ் வாங்கினவர்தானே?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் கஞ்சாவும் மஞ்சளாகுது," என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"அப்படிச் சொல்லுங்க. இப்ப உக்காருங்க. மஞ்சள் மேல இருந்து இறங்குதா, கீழ இருந்து ஏறுதா?"