எனக்கும் பயம் என்று சீனத்தில் சொன்னேன்

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையிலிருந்து எல்ல என்ற ஊருக்குப் போகும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே எங்கள் வீடு. முன்பக்கத்து அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். சமையலும் அறை பெருக்குவதும் நான். ஆட்டோ ஓட்டுவதும் ஆட்களைக் கூட்டி வருவதும் என் வீட்டுக்காரர்.

சீனர்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். சரி, நாலு வார்த்தை கற்றுக்கொள்வோமே என்று ஃபோனில் வீடியோவைப் போட்டுவிட்டு ரொட்டி தட்டுவேன். விலை, சுடுதண்ணீர், காரம் வேண்டாம், இதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. அடுத்த பாடம் சந்தோஷம், கவலை, பயம், கோபம் என்று போனது. "ரூம் வாடகைக்கு விடுறதுக்கு அழுகைய ஏன் படிக்கிற?" என்று என் வீட்டுக்காரர் சீண்டினார். எனக்கென்னவோ அந்தப் பாடம்தான் பிடித்தது. சீனத்தில் மனசுக்கு ‘ஷின்’. மனசு திறந்தால் ‘காய் ஷின்’, சந்தோஷம். மனசைச் சுமந்துகொண்டே நின்றால் ‘டான் ஷின்’, கவலை. இறக்கி வைத்துவிட்டால் ‘ஃபாங் ஷின்’, நிம்மதி. கல்யாணத்துக்கு முன் நானும் கொழுந்து எடுத்தவள்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மூட்டையை இறக்கியதும் தோள் எப்படி லேசாகும் என்று தெரிந்தவளுக்கு இதை மனப்பாடம் செய்யவா வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு சீன அம்மாவும் மகளும் வந்து தங்கினார்கள். அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், முழங்கால் வலி வேறு. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மகள் மட்டும் தோட்டத்துப் பக்கம் ஃபோட்டோ எடுக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு பனிமூட்டமும் இறங்கி, வாசலில் நிற்கும் கொய்யா மரமே தெரியவில்லை. கரண்ட் போனது, கூடவே ஃபோன் சிக்னலும் போனது. மகளைக் கூப்பிட வழியில்லை. எங்கள் மலையில் பாதையை விட்டுக் கால் பிசகினால் கல்லுச் சரிவுதான். என் வீட்டுக்காரர் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு தேடப் போனார்.

அந்த அம்மா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். அதுவரை ஃபோனில் மொழிபெயர்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம், சிக்னல் இல்லாமல் அதுவும் கைவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நாங்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். யாராவது பதறினால் ‘ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல’ என்று சிரித்த முகமாக முதுகைத் தடவி, சீனி தூக்கலாகப் போட்டு, சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேநீரைக் கையில் கொடுத்துவிடுவோம். பயம் என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். எடுத்தால் நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு. சாயத்தண்ணியை நீட்டி, சிரித்துக்கொண்டே ‘மேய் ஷ், மேய் ஷ்’ என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

நான் திரும்பத் திரும்பச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கிளாஸைத் தள்ளிவிட்டார். என் முகத்தைக் காட்டி ஏதோ கத்தினார். பெற்ற பிள்ளையைக் காணாமல் தவிக்கிறேன், உனக்குச் சிரிப்பா என்றுதான் கேட்டிருப்பார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா என்ன? செருப்பைக்கூடப் போடாமல் கேட்டைத் திறந்து மழைக்குள் இறங்கிவிட்டார். அந்த முழங்காலோடு அந்தச் சரிவில் ஏறினால், அப்புறம் அவரையும் சேர்த்துத் தேட வேண்டியதுதான்.

ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. வாயில் வந்தது அந்தப் பாடத்து வார்த்தைதான். "நீ ஹாய் பா" என்றேன். உனக்குப் பயம். சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான். வேறு நாளாக இருந்தால் வயதில் பெரியவரை அப்படிக் கூப்பிட நாக்கு கூசியிருக்கும். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, "வோ யெ ஹாய் பா" என்றேன். எனக்கும் பயமாக இருக்கிறது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. அந்த மலையில் என் புருஷனும்தானே இருக்கிறார்.

அவர் என்னையே பார்த்தார். அப்படியே மழையில் நின்று அழுதார். வெட்கமில்லாமல் நானும் அழுதேன். பிறகு மெதுவாகக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் என் கையை விடவில்லை, நானும் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சும்மா சேர்ந்து பயந்துகொண்டிருந்தோம். அப்படியும் ஓர் ஆறுதல் உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பொழுது சாய்வதற்குள் பேச்சுக்குரல் கேட்டது. கொழுந்து எடுத்துவிட்டு இறங்கிய பெண்கள் அந்த மகளை நடுவில் விட்டுக் கூட்டி வந்தார்கள். பின்னால் என் வீட்டுக்காரர். வழி தெரியாமல் நின்றவளைத் தங்களோடு மடுவத்தில் உட்கார வைத்திருந்தார்களாம். அவர் தேடி அலைந்து அங்கே கண்டுபிடித்திருக்கிறார். அவள் தலையில் யாரோ போர்த்திய சாக்கு, கையில் பாதி ரொட்டி.

"பசியோட இருந்துச்சுங்க, எங்க ரொட்டியத்தான் குடுத்தோம்" என்றார் ஒரு அக்கா. "வழி தவறுனதுக்குக்கூட அழுவல. காலுல அட்ட கடிச்சதுக்குத்தான் அந்தக் கத்து கத்துச்சு."

அம்மா போய் மகளின் தோளில் ரெண்டு வைத்தார், அப்புறம் கட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்து, "ஃபாங் ஷின் ல" என்றார். இறக்கி வைத்துவிட்டேன் என்கிறார். யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு பெருமை.

என் வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட அடுப்படிக்கு வந்தார். வழக்கமாக இப்படி வந்தால், ‘இவ்வளவு நேரம் எங்க போனீங்க’ என்று பிடி பிடி என்று பிடித்துவிடுவேன். அன்று டவலைக் கொடுத்து, "எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் சொல்லாத வார்த்தை. தலை துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

"எனக்குந்தான் புள்ள" என்றார் மெதுவாக. "கல்லு வழுக்கி விழுந்துட்டேன். யாருமே இல்ல அங்க."

சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை தோல் உரிந்து இரத்தம் கட்டியிருந்தது. வேறு நாளென்றால் ‘ஒன்னுமில்ல’ என்று கையை இறக்கிவிட்டுப் போயிருப்பார், நானும் நம்பியிருப்பேன்.

அந்த அம்மாவும் மகளும் ஊருக்குப் போய்விட்டார்கள், நான் படித்த வார்த்தைகளில் பாதி மறந்தும் போயின. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்கிறோம், சொன்னவர் பக்கத்தில் மற்றவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.